கை திரும்பினால் இதயமும் திரும்பும்

பத்தாம் வகுப்புத் தேர்வுக்காக இதயத்தின் படத்தை வரையாதவர்கள் நம்மில் குறைவு. நடுவே ஒரு சுவர், மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. வலப் பக்கத்துக்கு நீலப் பென்சில், இடப் பக்கத்துக்குச் சிவப்பு. பாகங்களைக் குறித்துவிட்டால் மதிப்பெண் வந்துவிடும். அந்தப் படம் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அதை மட்டுமே பார்த்து வளர்கிற பிள்ளை, காகிதத்தில் இருப்பதுபோலவே நெஞ்சுக்குள்ளும் நான்கு அறைகளும் பக்கம் பக்கமாக இருக்கின்றன என்று நம்பிவிடுகிறது.

உண்மையான இதயம் திரும்பிச் சாய்ந்து கிடக்கிறது. மார்பெலும்புக்குப் பின்னால் முன்வரிசையில் நிற்பது வலது வெண்ட்ரிக்கிள். இடது ஆரிக்கிளோ முதுகெலும்பைப் பார்த்தபடி, உணவுக்குழாயை ஒட்டிப் பின்னால் இருக்கிறது. தொண்டை வழியாக எக்கோ குழாயை இறக்கி இதயத்தைப் பார்க்கிறார்களே, அந்தப் பரிசோதனை சாத்தியமாவதே இந்த நெருக்கத்தால்தான். வலது, இடது என்று காகிதத்தில் படித்தது, உடம்புக்குள் பெருமளவு முன், பின் என்று ஆகிவிடுகிறது. இதை விளக்குவதற்காக நல்ல ஆசிரியர்கள் முஷ்டியை மடக்கி நெஞ்சில் வைத்து, உடம்பைத் திருப்பி, என்னென்னவோ செய்து பார்க்கிறார்கள். ஓர் இதயத்தை எடுத்துப் பின்பக்கமாகத் திருப்பிக் காட்டினால் அரை நிமிடத்தில் விளங்கிவிடும்.

அப்படி எடுத்துத் திருப்புவதற்குத்தான் இப்போது மென்பொருள் வந்திருக்கிறது. கணினித் திரையில் முப்பரிமாண இதயம் நிற்கும். எதிரே நிற்கிற மாணவி மௌஸைத் தொட வேண்டியதில்லை, திரையையும் தொட வேண்டியதில்லை. உள்ளங்கையைத் திருப்பினால் இதயம் திரும்பும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் கிள்ளி இழுத்தால் அந்தப் பாகம் தனியே வரும். இரண்டு கைகளையும் அகட்டினால் பெரிதாகும். விசேஷக் கண்ணாடியோ கையுறையோ வேண்டாம். மடிக்கணினியின் மேல்விளிம்பில் இருக்கிற சாதாரண கேமரா கையைப் பார்த்துப் புரிந்துகொள்கிறது.

இது யாருக்கு வேண்டும் என்று சொல்ல ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன். விழுப்புரத்துக்கு மேற்கே, திருக்கோவிலூர் பக்கத்தில் இருக்கிறது முகையூர். தன் பேரிலேயே ஊராட்சி ஒன்றியம் கொண்ட ஊர். கரும்பும் நெல்லும் மல்லாட்டையும் விளைகிற வட்டாரம். இதே விழுப்புரத்துக்கு மறுபக்கம், சென்னை நெடுஞ்சாலையில், முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. இன்னும் கிழக்கே போனால் புதுச்சேரியில் ஜிப்மர். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல் சட்டமான பிறகு, முகையூர் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பிளஸ் ஒன் உயிரியல் எடுக்கிற பெண்ணுக்கு முண்டியம்பாக்கம் எட்டாத தூரம் இல்லை. ஆனால் அவள் அங்கே போய்ச் சேரும் நாள்வரை அவளுக்குக் கிடைக்கும் மனித உடம்பு, சுவரில் தொங்கும் சார்ட்டும் பீரோவில் பூட்டிவைத்த பிளாஸ்டிக் பொம்மையும்தான். நகரத்துத் தனியார் கல்லூரிகள் பெரிய தொடுதிரை மேசைகளை விலைக்கு வாங்கி வைக்கின்றன. கை அசைவில் இயங்கும் மென்பொருளுக்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பது இந்த இடைவெளியால்தான். இதற்குத் தேவையானதில் பெரும்பகுதி இலவசமாகவே கிடைக்கிறது.

21 புள்ளிகள், 27 எலும்புகள்

கேமராவுக்கு ஒரு கை எப்படித் தெரிகிறது? 2019ல் கூகுள் நிறுவனம் மீடியாபைப் என்ற திறந்த மென்பொருள் தொகுப்பில் கையைக் கண்டறியும் பகுதியை வெளியிட்டது. அது முதலில் விரல்களைத் தேடுவதில்லை, உள்ளங்கையைத் தேடுகிறது. விரல்கள் மடங்கும், மறையும், ஒன்றன்மேல் ஒன்று விழும். உள்ளங்கை அவ்வளவாக உருமாறாது, அதனால் அதைப் பிடிப்பது சுலபம். உள்ளங்கை அகப்பட்டதும், இரண்டாவது கட்டமாக அதைச் சுற்றி 21 புள்ளிகளைக் குறிக்கிறது. மணிக்கட்டில் ஒன்று, ஒவ்வொரு விரலிலும் நான்கு. இந்தப் புள்ளிகளை மனிதர்களே குறித்துக்கொடுத்த ஏறத்தாழ 30,000 கைப் படங்களையும், கணினியில் செய்த கைகளையும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட மென்பொருள் அது. கோப்புகளைக் கணினியில் இறக்கி வைத்துவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். கட்டைவிரல் நுனிப் புள்ளியும் ஆள்காட்டி விரல் நுனிப் புள்ளியும் நெருங்கினால் "கிள்ளுகிறாள்" என்று எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் கணக்கு.

இங்கேதான் எனக்கு இந்தக் கருவி மிகவும் பிடித்துப்போகிறது. திரையில் இதயத்தைத் திருப்புகிற கையே ஓர் உடற்கூறியல் பாடம். கேமரா 21 புள்ளி பார்க்கிறது. கையில் இருப்பது 27 எலும்பு. விரல்களில் 14, உள்ளங்கையில் 5, மணிக்கட்டில் 8. அந்த எட்டையும் கேமரா ஒரே புள்ளியாகச் சுருக்கிவிடுகிறது. படகு வடிவத்தில் ஒன்று, பிறை வடிவத்தில் ஒன்று, பட்டாணிபோல ஒன்று என்று இரண்டு வரிசையாக அடுக்கிய எட்டுச் சிறு எலும்புகள். பைக்கிலிருந்து சறுக்கி விழுந்து கையை ஊன்றுகிறவருக்கு அந்தப் படகு எலும்பில் விரிசல் விழுவது சாதாரணம். மணிக்கட்டு எலும்புகளில் அதிகம் உடைவது அதுதான். "கேமரா எதையெல்லாம் விட்டுவிட்டது?" என்று வகுப்பில் ஒரு கேள்வி கேட்டால் போதும், பிள்ளைகள் தங்கள் மணிக்கட்டைத் தாங்களே அழுத்திப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

அடுத்தது அந்தக் கிள்ளல். விரலை மடக்குகிற தசை விரலுக்குள் இல்லை. பெரிய தசைகளெல்லாம் முழங்கைக்குக் கீழே முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீண்ட தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்நுனி வரை போகின்றன; பொம்மலாட்டக்காரர் திரைக்குப் பின்னால் இருந்து நூலை இழுப்பதுபோல முன்கை இழுக்க, விரல் மடங்குகிறது. வலது கை விரல்களை ஆட்டிக்கொண்டே இடது கையால் வலது முன்கையைப் பிடித்துப் பார்த்தால் தோலுக்கடியில் தசை புரள்வது தெரியும். ஆனால் கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்துவதற்குக் கையிலேயே இருக்கிற சிறிய தசைகள் வேண்டும். கட்டைவிரலின் அடியில் இருக்கும் மேடு அவற்றின் வீடு. அவற்றை இயக்கும் நரம்பு கெட்டுப்போனால் கிள்ளல் போய்விடும்.

இது தமிழ்நாட்டுக்கு ஏட்டுச் சமாச்சாரம் இல்லை. கொல்லிமலையில் 1914ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த பிறகு, தொழுநோயால் விரல்கள் மடங்கி முடங்கிய கைகளை வரிசையாகக் கண்டார். சோறு பிசைய முடியாத, சட்டைப் பித்தான் போட முடியாத கைகள். அவற்றைச் சோதித்துப் பார்த்ததில், கையிலுள்ள சிறு தசைகள் செத்திருந்தாலும் முன்கையின் பல தசைகள் பலமாகவே இருப்பது தெரிந்தது. நல்ல தசை ஒன்றின் நாணை எடுத்து வேறு வழியில் திருப்பி விரல்களில் பொருத்தினார். முடங்கிய விரல்கள் நீண்டன. உலகத்துக்கே வேலூரும் அதன் பக்கத்துக் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையும் இந்த அறுவைக்கான பள்ளிக்கூடமாயின. எந்த நாண் எங்கே புறப்பட்டு எங்கே முடிகிறது, எந்த நரம்பு எதை ஆள்கிறது என்ற அறிவு ஒரு மனிதனுக்குச் சாப்பிடும் கையைத் திருப்பிக் கொடுத்த கதை இது. கிள்ளிப் பிடித்து இதயத்தைத் தூக்குகிற பிள்ளைக்கு இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கையசைத்துக் கணினியை ஆட்டுவிப்பது புதிதாக முளைத்ததில்லை. 2010 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட கினெக்ட், விளையாட்டுக்காக வந்த கருவி. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுக்க வீசி, அவை விழும் விதத்தை வைத்து ஆளின் உருவத்தைக் கணிக்கும். அடுத்த ஆண்டே டொராண்டோவின் சன்னிபுரூக் மருத்துவமனையில் அறுவை மருத்துவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். கிருமி நீக்கிய கையால் மௌஸைத் தொட முடியாது. தொட்டால் மறுபடி கை கழுவி வர வேண்டும். தூரத்தில் நின்று கையசைத்தே ஸ்கேன் படங்களைப் புரட்டினார்கள். 2012ல் ஜெர்மனியின் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், அதே கினெக்டை வைத்து ஒரு மாயக் கண்ணாடி செய்தார்கள். எதிரே நிற்பவர் திரையில் தன்னையே பார்ப்பார். தன் வயிற்றின்மேல் உள்ளுறுப்புகள் தெரியும். கையை நகர்த்தினால் குறுக்குவெட்டுப் படங்கள் மாறும். தன் உடம்பின் மேலேயே கல்லீரலின் இடத்தைக் கண்டுகொள்வதற்கும் யாரோ ஒருவர் படத்தில் பார்ப்பதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. 2017ல் கினெக்ட் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். ஒரு நிறுவனத்தின் கருவியை நம்பிக் கட்டிய பாடம் அந்தக் கருவியோடு போய்விடும். சாதாரண கேமராவை நம்பிச் செய்தால் அந்தப் பயம் இல்லை.

திரை காட்டாதவை

இவ்வளவு பாராட்டிய பிறகு, இதன் குறைகளையும் நேராகச் சொல்வதுதான் முறை.

கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி நார்மன், அமித் கார்க் ஆகியோர் மணிக்கட்டு எலும்புகளையே வைத்துச் சில ஆய்வுகள் செய்தார்கள். முப்பரிமாண உருவத்தைப் பல கோணங்களில் சுழற்றிக் காட்டினால் எல்லோருக்கும் நன்றாகப் புரியும் என்றுதானே நினைப்போம்? அப்படி இல்லை. மனக்கண்ணில் உருவத்தைத் திருப்பிப் பார்க்கும் திறன் குறைந்த மாணவர்களைச் சுழலும் உருவம் குழப்பியது. முன்பக்கம், பின்பக்கம் என்ற முக்கியமான தோற்றங்களை மனதில் ஊன்றிக்கொள்வதே அவர்களுக்கு உதவியது. ஆகவே, "இந்தா, சுழற்றிக்கொள்" என்று கொடுத்துவிட்டு ஆசிரியர் நகர்ந்துவிட்டால், ஏற்கெனவே கெட்டிக்காரப் பிள்ளை முன்னேறும், தடுமாறுகிற பிள்ளை இன்னும் தடுமாறும். முதலில் முன்தோற்றம், அங்கே நிறுத்தி நான்கு பெயர். பிறகு பின்தோற்றம், அங்கே நிறுத்தி இடது ஆரிக்கிள். சுழற்றும் வேகத்தை ஆசிரியர்தான் ஆள வேண்டும்.

வலது இடது குழப்பம் ஒன்றும் உண்டு. கேமரா முன் நின்றால் திரை கண்ணாடிபோலக் காட்டும். என் இடது கை திரையின் இடப் பக்கத்திலேயே இருக்கும். மருத்துவப் படத்திலோ நோயாளி எதிரே நிற்பதாகக் கொள்வதால் அவருடைய இடது நமக்கு வலப் பக்கம் வரும். மென்பொருள் இந்த இரண்டில் எதைப் பின்பற்றுகிறது என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆண்டு முழுக்கப் பிள்ளை இதயத்தைத் தப்பான பக்கத்தில் சுமந்துகொண்டு திரியும்.

எடை இல்லை என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய குறை. கல்லீரல் எவ்வளவு கனம், பெருந்தமனியின் சுவர் எவ்வளவு தடிப்பு, நரம்புக்கும் ரத்தக்குழாய்க்கும் தொட்டால் என்ன வித்தியாசம் என்பதெல்லாம் காற்றில் கையசைத்துத் தெரிந்துகொள்ள முடியாது. 1836ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா சாதிக் கட்டுப்பாட்டை மீறிச் சடலத்தில் கத்தி வைத்தது, கண்ணால் பார்த்ததைக் கையாலும் அறிய வேண்டும் என்பதற்காக. உடலைத் தானமாகக் கொடுத்துவிட்டுப் போனவர்கள்தான் இன்றைக்கும் முதலாண்டு மருத்துவ மாணவருக்கு முதல் ஆசிரியர்கள். எந்த மென்பொருளும் அந்த மேசைக்குப் பதிலாக வரக்கூடாது. வந்தால் நான் எதிர்ப்பேன். பள்ளிப் பிள்ளைக்கு அந்த மேசை இல்லை என்பதால்தான் அவளுக்குத் திரை வேண்டும்.

மென்பொருளில் இருப்பது ஒரே உடம்பு. நிஜத்தில் எந்த இரண்டு உடம்பும் ஒன்று இல்லை. இதற்கு வகுப்பிலேயே சாட்சி காட்டலாம். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து, மணிக்கட்டை லேசாக உள்பக்கம் மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவே ஒரு நாண் விறைத்து எழும். ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு, ஒரு கையிலோ இரண்டிலுமோ, அந்த நாணே இருக்காது. இந்த விகிதம் மக்கள் கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். இல்லாததால் கையின் பலத்தில் சொல்லும்படி குறை எதுவும் வருவதில்லை. அதனால்தான் வேறு இடத்தில் நாண் தேவைப்படும்போது அறுவை மருத்துவர்கள் இதை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இதைச் செய்து பார்த்தால் யாரோ சிலர் "எனக்கு இல்லை சார்" என்று கை தூக்குவார்கள். திரையில் இருக்கும் கையில் அது எப்போதும் இருக்கும், அல்லது எப்போதும் இருக்காது.

அந்த ஒரே உடம்பும் யாருடையது? அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1994ல் வெளியிட்ட முதல் முழு மனித உடல் தரவு, டெக்சாஸில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ஓர் ஆணின் உடலை உறையவைத்து ஒவ்வொரு மில்லிமீட்டராகச் சீவிப் படமெடுத்துச் செய்தது. பெண்ணின் தரவு அதற்கு மறு ஆண்டு வந்தது. ஜப்பானில் உருவாகி, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்துவிடப்பட்ட பாடிபார்ட்ஸ்3டி தொகுப்பும் ஒரு ஜப்பானிய ஆணின் உடலை அடிப்படையாகக் கொண்டதே. இலவசமாகக் கிடைக்கும் பல மாதிரிகள் அதிலிருந்து கிளைத்தவை.

முகையூரில் தொடங்க

கணினியும் கேமராவும் உருவங்களும் கிடைத்துவிடும். அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்திருக்கிறது. கேமரா இல்லாத கணினிக்கு ஒரு வெப் கேமரா வாங்கி மாட்டலாம். மாணவியின் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம் இருந்தால் கேமரா திணறும். வெளிச்சம் முகத்தில் விழும்படி நிற்க வேண்டும். கையை உயர்த்தியே வைத்திருந்தால் சில நிமிடங்களில் தோள் வலிக்கும். ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று மாற்றிவிட வேண்டும். இதெல்லாம் ஆசிரியர்கள் ஒரே நாளில் பழகிவிடுகிற விஷயங்கள்.

உழைப்பு வேண்டியது பெயர்களில். தமிழ் வழியில் படிக்கிற பிள்ளை "பெருந்தமனி", "மூவிதழ் வால்வு", "நுரையீரல் சிரை" என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு வந்து நிற்கும்போது, திரையில் இதயத்தைத் தொட்டால் லத்தீனும் ஆங்கிலமும் எழும்பினால் அவள் கை தயங்கும். பாடப்புத்தகத்தில் இருக்கிற அதே சொல் முதலில், அதன் கீழே நாளை கல்லூரியில் தேவைப்படும் சர்வதேசச் சொல் தமிழ் எழுத்தில், பிறகு ஆங்கிலத்தில் என்று மூன்றும் வர வேண்டும்.

இது பெரிய மலை என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு மானிப்பாயைச் சொல்வேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலிருந்து 1847ல் யாழ்ப்பாணத்துக்கு வந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார். உள்ளூர்ப் பையன்களுக்கு முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் சொல்லிக்கொடுத்தவர், 1860களில் முழுக்கத் தமிழுக்கு மாறினார். லண்டனில் 1858ல் வெளிவந்த கிரேயின் உடற்கூறியல் நூல், அவரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து உழைத்ததில் 1872ல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் அச்சேறியது. வெறும் 14 ஆண்டு இடைவெளி. அச்சுக்கோத்து, கையால் எழுதி, கப்பலில் புத்தகம் வரக் காத்திருந்த காலத்தில் நடந்தது அது. இப்போது தமிழ்நாட்டுப் பாடநூல் கழகமும் மருத்துவ நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவருகிற வேலையில் இறங்கியிருக்கிறது. சொற்கள் பெரும்பாலும் இருக்கின்றன; அவற்றைச் சரியான உறுப்பில் கொண்டுபோய் ஒட்ட வேண்டும்.

ஒட்டுவதற்கு வழியும் இருக்கிறது. பாடிபார்ட்ஸ்3டி தொகுப்பில் ஒவ்வொரு உறுப்புக்கும் உலகம் முழுக்க ஒரே எண். அந்த எண்ணுக்கு எதிரே தமிழ்ப் பெயரை எழுதிய ஓர் அட்டவணை இருந்தால் போதும். எந்த மென்பொருளும் அதை எடுத்துக்கொள்ளும். விழுப்புரத்திலேயே கட்டற்ற மென்பொருளைக் கிராமத்து மாணவர்களிடம் கொண்டுபோகிற குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. தமிழில் கணினி நுட்பம் எழுதிவருகிற கணியம் இருக்கிறது. நிரல் எழுதத் தெரிந்த கை இங்கே உண்டு. அவர்கள் எழுதியதைச் சரிபார்க்க, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்து இப்போது முதலாண்டு உடற்கூறியலைத் திணறித் திணறிப் படிக்கிற நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர்கள் யார்? எந்தச் சொல்லில் தாங்கள் முட்டிக்கொண்டார்கள் என்று அவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். பேராசிரியர் ஒருவர் கடைசியாக ஒரு முறை பார்த்துக் கொடுத்தால் அட்டவணை தயார்.

முழு உடம்பையும் ஒரேயடியாகத் தொடங்க வேண்டாம். கையின் 27 எலும்புகளிலிருந்து தொடங்கலாம்; எழுதியது சரியா என்று பிள்ளைகள் தங்கள் கையிலேயே தடவிப் பார்த்துக்கொள்வார்கள். அது முடிந்ததும் இதயம், பத்தாம் வகுப்புப் பாடத்தில் வருகிற பெயர்கள் மட்டும். அதற்கு அடுத்தது என்ன வேண்டும் என்று வகுப்பையே கேட்கலாம். பெண் பிள்ளைகள் கருப்பையைக் கேட்பார்கள் என்று நினைக்கிறேன், கேட்கவும் வேண்டும். அதற்கு ஓர் ஆண் உடம்பிலிருந்து செய்த தொகுப்பு உதவாது. உரிமத் தடை இல்லாத, நம்பகமான பெண் உடல் மாதிரி ஒன்றைத் தேடிப் பிடிக்கிற வேலையை யாராவது ஒருவர் இப்போதே தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும், அட்டவணை முடியும்வரை காத்திருக்காமல்.